வாசித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து

சென்ற மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சிகரெட் கம்பெனி. பெயரை எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் தீபாவளிக்குத் தவறாமல் இனிப்புப் பெட்டி அனுப்புகிறவர்களைச் சந்திக்கு இழுக்க மனம் வரவில்லை. மைசூரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் நான் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். மக்கள் ஆதரவைத் திரட்டுவது எப்படி என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் பரத் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். பெட்டிக்கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தயாராக எழுதி வைத்த செய்தி நாற்பது அலுவலகங்களுக்கு ஒரே நொடியில் போய்விடும்.

"ஒரு மத்தியானத்துல ஆயிரம் பேர் அனுப்பிடறாங்க சார். ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு ஒருத்தரும் படிக்கறதில்ல. உங்க காலத்துக் கடிதம் எல்லாம் உட்கார்ந்து படிச்சாங்களாமே, எப்படி சார்?" என்று கேட்டார்.

நான் இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். தலையில் மைசூரு பேட்டா என்னும் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, ஒரு பை நிறைய பழமும் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் பரத் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை அங்கே சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் கௌதள்ளிக்காரன். பெயர் மாதேஸ்வரன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மாதேஸ்வரன் இருப்பான், மாதேஸ்வரன் மலை பக்கத்தில் இருப்பதால். அப்பாவுக்கு மக்காச்சோளக் காடு, எனக்கு வெயில் ஆகாது. கொள்ளேகாலில் பட்டம் வாங்கிக்கொண்டு மைசூருக்கு வந்து, கம்பெனி வண்டியில் கடை கடையாகச் சரக்குப் போடும் விற்பனையாளராகச் சேர்ந்தேன். தமிழும் கன்னடமும் தெரியும், உருதில் விசாரிக்கத் தெரியும், யார் கோபப்பட்டாலும் சிரிக்கத் தெரியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். நஞ்சன்கூடு ரோட்டில் எந்தக் கடையில் எந்தப் பிராண்ட் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நானும் புகைப்பேன், அளவாக.

பிறகு சட்டங்கள் வரத் தொடங்கின. பொது இடத்தில் புகைக்கக்கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது, அட்டையில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று வரிசையாக வந்தன. கம்பெனி தன் பெயரில் எதிர்த்துப் பேசினால் யார் கேட்பார்கள்? எனவே பேச வேறு ஆட்கள் வேண்டியிருந்தது. ஹுணசூர் பக்கத்துப் புகையிலை விவசாயி, நகரத்துப் பெட்டிக்கடைக்காரர், பிறகு புகைப்பவர். இந்த மூன்று பேரையும் ஒன்றாகக் கோர்த்து, அவர்கள் வாயால் சொல்ல வைப்பதற்காக ஒரு தொடர்புப் பிரிவு தொடங்கினார்கள். எல்லாக் கடையும் தெரிந்தவன் என்பதால் என்னை அதில் போட்டார்கள்.

அங்கேதான் திருநாராயணன் சார் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார். வாய்த்தார் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மேல்கோட்டை வைணவக் குடும்பம். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால்கூட, "மாதேஸ்வரன், நீங்களே திறந்து என்ன இருக்குன்னு சொல்லுங்கோ" என்பார். மத்தியானம் வீட்டிலிருந்து வரும் புளியோதரையைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். எனக்கு ஒரு பங்கு எப்போதும் தனி டப்பாவில் இருக்கும். இப்படிப்பட்ட மனிதர் எதற்காகச் சிகரெட் கம்பெனிக்கு வந்தார் என்று நாங்கள் எல்லாரும் பின்னால் பேசிச் சிரிப்போம். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "சம்பளம் தரா, மரியாதையா நடத்தறா. வேலைன்னு ஒத்துண்டா ஒழுங்கா செய்யணும், அவ்வளவுதான்" என்றார்.

ஒழுங்கு என்றால் அவர் ஒழுங்கு. ஒரு கடைக்கு மூன்று முறை போக வேண்டும். முதல் முறை எதுவும் கேட்கக்கூடாது. ஒரு டீ குடித்து, குடும்பத்தை விசாரித்துவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டாம் முறை கடைக்காரர் குறையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறைதான் தாளை எடுக்கலாம். எழுதத் தெரிந்தவரை அவர் கையாலேயே எழுத வைக்க வேண்டும். முடியாதவர்களுக்கு நாங்கள் எழுதுவோம். கம்பெனித் தாள் கூடாது. கடையில் கிடைக்கும் நோட்டுப் புத்தகத் தாள். ஒரே பேனா கூடாது. என் சட்டைப்பையில் எந்நேரமும் ஏழெட்டுப் பேனா இருக்கும், ஒன்று நிச்சயம் ஒழுகும். சட்டையைத் துவைக்கும்போது என் மனைவி கம்பெனியின் பரம்பரையையே திட்டுவாள்.

எழுதிய கடிதங்களைச் சாயங்காலம் சார் மேசைமேல் வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, என்னை உரக்கப் படிக்கச் சொல்வார்.

"நிறுத்துங்கோ. இவன் யாரு?"

"சரஸ்வதிபுரம் முனைக்கடை சார்."

"நேத்து படிச்சவனும் இப்படித்தானே பேசினான்? இவனுக்கு ஆத்துல எத்தனை பேரு, கடை எதுத்தாப்பல என்ன இருக்கு, எத்தனை மணிக்குத் திறக்கறான்? ஒண்ணுமே தெரியலையே. கிழிச்சுப் போடுங்கோ."

அப்படிக் கிழித்தது எத்தனையோ. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கடைக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. பரத் கேட்ட ரகசியம் இதுதான். படிக்கிற அதிகாரி இது உண்மையான மனிதர் எழுதியது என்று நம்ப வேண்டும். எழுதியது நான். இதில் உள்ள கோணல் எனக்கு அப்போது தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது, ஆனால் நன்றாக எழுத வருகிறதே என்ற பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த இடத்தில் சார் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் "வாசித்துக் காட்டியவர்" என்று ஒரு தலைப்பு. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் கடிதத்தை முழுக்க, அவருக்குப் புரிகிற பாஷையில், வாசித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அந்தக் கட்டத்தில் நம் முதலெழுத்தைப் போட வேண்டும். பெங்களூர்த் தலைமை அலுவலகம் இப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை. இது அவர் சொந்த ஏற்பாடு.

"வார்த்தை நம்மளோடது, இருந்துட்டுப் போகட்டும். கையெழுத்து அவாளோடது. அதைத் தெரியாம வாங்கப்படாது" என்பார்.

நடுவில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். புகைப்பவர்களுக்காக நாங்கள் ஒரு மன்றம் தொடங்கினோம். தமிழில் சொன்னால் புகைப்போர் உரிமை மன்றம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரைத் தலைவராகப் பிடித்தோம். முதல் கூட்டத்துக்கு ஒரு கல்யாண மண்டபம். அறுபது நாற்காலி போட்டோம், அறுபது பேரும் வந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் பேசத் தொடங்கிய அரைமணியில் பார்க்கிறேன், உள்ளே பதினொரு பேர்தான். அதில் மூன்று பேர் கம்பெனி ஆட்கள். மண்டபத்துச் சுவரில் புகைபிடிக்கக்கூடாது என்று பெரிய பலகை இருந்ததை யாருமே கவனிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் வெளியே புங்கமரத்தடியில் நின்று ஆனந்தமாக ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சார் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். "உரிமையை அவா வெளில அனுபவிச்சிண்டிருக்கா. நாம உள்ள தீர்மானம் போட்டுண்டிருக்கோம்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இனி ஈஸ்வரியின் விஷயம்.

நஞ்சன்கூடு ரோட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே, பஸ் நிழற்குடையை ஒட்டி அவள் பெட்டிக்கடை. அனூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. கடைப்பெட்டியும் பலகையும் எங்கள் கம்பெனி கொடுத்தவை. எங்கள் பிராண்டின் சிவப்பு வண்ணம் அடித்தவை. கணவர் நாகராஜ் நஞ்சன்கூட்டில் ஒரு ஆலையில் வேலை பார்த்து, மூச்சிரைப்பு வந்து, வீட்டோடு இருந்தார். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் ஆதாரம்.

சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்பதைத் தடுக்கலாமா என்று அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டிருந்தது. கெடு முடிய ஒரு வாரம். பெங்களூரிலிருந்து தினமும் போன். இன்னும் எத்தனை கடிதம், இன்னும் எத்தனை? நான் ஈஸ்வரி கடைக்கு முறைப்படி இரண்டு தடவை போய் வந்திருந்தேன். அவளுக்குக் கன்னடத்தில் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், படிக்க வராது. கடிதத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு மூன்றாவது தடவை போனேன். போன நேரம் பள்ளி விடும் நேரம். கடையைச் சுற்றிப் பிள்ளைகள். மிட்டாய்க்கு ஒரு கை, பேனாவுக்கு ஒரு கை.

"ஏனுங்கண்ணா, இந்நேரத்துல வந்துட்டீங்க?"

"ஒரு கையெழுத்துத்தான் அம்மிணி. போட்டுட்டா போயிருவேன்."

"என்னன்னு எழுதியிருக்கறீங்க?"

"உங்கடைக்கு நல்லதுதான் எழுதியிருக்கேன்."

"நம்மூரு ஆளு நீங்க சொன்னா சரிதானுங்க" என்று பிஸ்கட் ஜாடி மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது ஒரு பையனை அதட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம்தான் ஆனது.

சாயங்காலம் அந்தக் கடிதத்தை சாருக்குப் படித்தேன். கண்ணைத் திறந்தார். "பேஷ். இதுல ஆளு தெரியறா" என்றார். அப்படி அவர் பாராட்டியது அபூர்வம். பிறகு, "வாசிச்சுக் காட்டினேளா?" என்றார்.

"காட்டினேன் சார்" என்றேன். பதிவேட்டில் "மா" என்று போட்டேன்.

சார் பாராட்டிய அந்த வரி என்ன தெரியுமா? "எதிரே உள்ள பள்ளி விடும் நேரத்தில்தான் என் கடையில் சிகரெட் அதிகம் விற்கும். ஒற்றைச் சிகரெட் விற்கக்கூடாது என்றால் என் பிள்ளைகள் பட்டினிதான்." நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிப்போக ஆட்டோக்காரர்கள் இருபது பேர் அங்கே காத்திருப்பார்கள். அவர்கள் ஆளுக்கொரு சிகரெட் வாங்குவார்கள். ஈஸ்வரி ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் சிகரெட் கொடுத்தவள் அல்ல. கேட்டவனை வகுப்பு வாத்தியாரிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கடிதத்தில் ஆட்டோ என்ற சொல்லே இல்லை. எழுதின வேகத்தில் விட்டுப்போய்விட்டது. படித்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு விற்கிறேன் என்று ஒருத்தி தானே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். பள்ளி வாசலிலேயே விற்கிறேன் என்ற ஒப்புதல் வேறு. அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் அந்த நொடியே நிறுத்தியிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஈஸ்வரி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததில்லை. கையில் மடித்த ஒரு தாள். வரவேற்பில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

வந்த கடிதங்கள் உண்மையானவைதானா என்று பார்க்க, சிலவற்றை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஈஸ்வரியுடையதும் ஒன்று. அதிகாரி கடிதத்தோடு கடைக்கே வந்திருக்கிறார். கையெழுத்து உன்னுடையதா? ஆமாம். கடை உன்னுடையதா? ஆமாம். அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் கொடு, இல்லாவிட்டால் மாநகராட்சி வண்டி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நகலை என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணா, இதுல நான் என்ன எழுதியிருக்கறேன்? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

எத்தனையோ கடைக்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் சோடா பாட்டிலைத் தூக்கியிருக்கிறார். அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. இது அப்படி இல்லை. தாளை வாங்கிக்கொண்டேன். படித்தேன். முழுக்கப் படித்தேன், தமிழில். ஒரு மாதம் முன்னால் செய்ய வேண்டியதை அன்று செய்தேன்.

அவள் கத்தவில்லை. "என்னைக் கேக்காம என் வாயில வார்த்தைய வெச்சுட்டீங்களே அண்ணா. இசுக்கூல் புள்ளைங்களுக்கா நான் சிகரெட்டு விக்கறேன்? எம்பொண்ணுங்களும் அங்கதான படிக்குதுங்க" என்றாள். அதன்பிறகுதான் உட்கார்ந்தாள்.

சார் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, சாப்பாட்டு நேரம். தட்டிவிட்டு உள்ளே போய் நகலை வைத்தேன். படித்தார். பதிவேட்டை எடுக்கச் சொல்லி, கடைசிக் கட்டத்தில் என் "மா"வைப் பார்த்தார்.

"காட்டினேன்னு சொன்னேளே."

"இல்ல சார். காட்டல."

டப்பாவை மூடி வைத்தார். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்து, பெங்களூருக்குப் போன் போட்டார். எனக்கு எதிரிலேயே பேசினார். அந்தப்பக்கம் சொன்னது எனக்குக் கேட்டது. கடிதத்தை அனுப்பியது மன்றம், மன்றம் தனி அமைப்பு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை, அந்தப் பெண்மணி கையெழுத்திட்டதற்கு அவரே பொறுப்பு, நீங்கள் தலையிட வேண்டாம். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆகட்டும்" என்று போனை வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

"ஆட்டோ கூப்பிடுங்கோ."

"ஆபீஸ் கார் நிக்குது சார்."

"இது ஆபீஸ் வேலை இல்ல. அந்தப் பொண்ணையும் கூட்டிண்டு வாங்கோ."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். சுகாதார அதிகாரி நடுவயதுப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் உட்கார வைத்துக் கேட்டார். சார் கன்னடத்தில், வகுப்பில் ஒப்பிக்கிற பையனைப்போல நேராக உட்கார்ந்து சொன்னார். இந்தக் கடிதத்தின் வார்த்தைகள் எங்களுடையவை. எழுதியது இவர். கையெழுத்து மட்டும் இந்த அம்மாவுடையது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. எழுதியிருப்பது இவர் அறியாதது.

அதிகாரி என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, அந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதச் சொன்னார். நான் பத்து விதமாக எழுதத் தெரிந்தவன். அன்று என் சொந்த எழுத்தில் எழுதினேன். ஈஸ்வரியின் கடிதத்தையும் அவசரத்தில் சொந்த எழுத்திலேயே எழுதியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்படியானால் மைசூரிலிருந்து வந்த மற்றக் கடிதங்கள்?" என்று கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். இது ஒன்றுதான் தவறு, மற்றவை சரி என்று சொல்லியிருந்தால் ஈஸ்வரியும் பிழைத்திருப்பாள், எங்கள் எட்டு மாத உழைப்பும் பிழைத்திருக்கும்.

"மற்றதெல்லாம் வாசித்துக் காட்டி வாங்கியது. ஆனால் பெரும்பாலும் வார்த்தைகள் எங்களுடையவைதான்" என்றார் சார்.

மைசூர்க் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஈஸ்வரியின் கடைக்கு மறுநாள் நாடாவோடு ஆட்கள் வந்தார்கள். பள்ளி வாசலிலிருந்து அளந்தார்கள். நூறு கஜம் எங்கே, நாற்பதுகூட இல்லை. பெட்டி இருக்கலாம், பீடி சிகரெட் புகையிலை எதுவும் இருக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாளை அதிகாரியே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிகரெட்டு இல்லாம பொட்டிக்கடை ஓடுமாங்கண்ணா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவளிடம் இனிமேல் இட்டுக்கட்டி எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா நீலப் பெயிண்டும் இரண்டு பிரஷும் வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனிப் பலகையின் சிவப்பு லேசில் மறையவில்லை. மூன்று பூச்சுப் பூச வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் ஊர் முழுக்க அந்தச் சிவப்பை ஏற்றியவன் நான். நாகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து, "மேல மூலைல விட்டுப்போச்சுங்க" என்று வேலை வாங்கினார். அவருடைய ஆலை நண்பர்கள் நஞ்சன்கூட்டிலிருந்து காலை ரயிலில் வாழைத்தார் கொண்டுவந்து போடத் தொடங்கினார்கள். முதல் ஆறு மாதம் சிரமம்தான். அவள் தங்க வளையல் அடகுக்குப் போனதை நான் கவனித்தேன், அவள் சொல்லவில்லை. பிறகு பழமும் பூவும் நோட்டுப் புத்தகமும் கடையைத் தூக்கி நிறுத்தின. இரண்டு பெண்களும் படித்து முடித்து வேலைக்குப் போகிறார்கள். என் பெயர் சொல்லி இந்தக் குடும்பம் தெருவுக்கு வராமல் போனதற்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

சாரை நஞ்சன்கூட்டுக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். சிகரெட்டைத் தொடாத மனிதரைச் சிகரெட்டுக்கு நடுவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என் மேல் ஒரு வரி எழுதவில்லை அவர். பொய் முதலெழுத்துப் போட்டவன் என்று பதிவேட்டைக் காட்டியிருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும். நான் விவசாயிகள் பக்கம் மாற்றப்பட்டு, நல்லபடியாக முடித்து வெளியே வந்தேன். என் பிள்ளைகள் சாப்பிட்ட சோற்றில் அவருக்குப் பங்கு உண்டு.

இப்போது அவர் மேல்கோட்டையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். ஒருமுறை நன்றி சொல்ல வாயெடுத்தேன். "புளியோதரை ஆறிண்டிருக்கு, சாப்பிடுங்கோ" என்றுவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு நான் சிகரெட்டை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. புகைப்பவன் குற்றவாளி இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனுக்காக இத்தனை வருடம் பேசியது அவன் இல்லை, நாங்கள்.

பேட்டாவும் சால்வையுமாகக் கூட்டம் முடிந்து வந்த அதே வாரம் ஈஸ்வரி போன் செய்தாள். நிழற்குடையில் நின்று ஆட்கள் புகைக்கிறார்களாம். புகை நேராகக் கடைக்குள் வருகிறதாம். கடையில் உட்காரும் நாகராஜுக்கு இரவெல்லாம் இரைப்பாம். அங்கே ஒரு பலகை வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும்.

"மனு எழுதறதுக்கு உங்கள விட்டா இந்த மைசூர்ல ஆளு யாருங்கண்ணா?" என்றாள். கிண்டல்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஸ்டூலைப் போட்டாள். கையெழுத்துக்கு இடம் காட்டப் போனவனை, "மொதல்ல படிங்க" என்றாள்.

கன்னடத்தில் எழுதியிருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பொறுப்பற்றவர்கள், பொதுமக்களை மதிக்காதவர்கள் என்று சற்றுக் காரமாகவே எழுதியிருந்தேன். ஈஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதை அடிச்சுருங்க. அவங்கள ஏன் வைய்யோணும்? காத்தால எங்கிட்டத்தான பழம் வாங்கறாங்க. கெட்டவங்க இல்லீங்க."

"அப்புறம் என்னன்னு போடறது?"

யோசித்தாள். "இங்க புடிக்க வேண்டாம், எங்கூட்டுக்காரருக்கு ஆகறதில்லைன்னு போடுங்க. பத்தடி அக்கட்டால அந்த மரத்துக்கிட்ட நின்னு புடிக்கட்டும். வெயிலு மழைல அவங்களும் எங்க போவாங்க? அங்க ஒரு தகரத்தப் போட்டு நெழலு பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு மண்தொட்டியும் வெக்கச் சொல்லுங்க, துண்டப் போடறதுக்கு."

சொன்னபடியே எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. புகைப்பவருக்காக இத்தனை வருடத்தில் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்! நின்று புகைக்க அவனுக்கு ஒரு நிழல் வேண்டும் என்று ஒன்றிலும் எழுதியதில்லை. கண் கலங்கி ஒரு சொட்டுத் தாளில் விழுந்துவிட்டது; பேனா ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

புதிதாக எழுதியதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஈஸ்வரி கையெழுத்துப் போட்டாள். நாகராஜ் போட்டார். நிழற்குடையில் சிகரெட்டோடு நின்ற ஓர் ஆட்டோக்காரரையும் கூப்பிட்டு, படித்துக் காட்ட வைத்து, அவரிடமும் வாங்கினாள். தகரம் போட்டால் நல்லதுதான் என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்களும் போடுங்கண்ணா. நீங்களும் புடிக்கறவருதான?"

ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். என் பெயரைப் போட்டு ஒரு மனுவிலும் கையெழுத்திட்டதில்லை. பேனாவைத் தாளில் வைத்துவிட்டு, என்னவோ தோன்றி, மறுபடி எடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் உரக்கப் படித்தேன், எனக்கே. ஈஸ்வரி பழத்தைச் சீப்புச் சீப்பாக அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் மாதேஸ்வரன் என்று முழுப்பெயரையும் எழுதினேன்.